உயிரோடு இருப்பவர்களுக்கு இறந்த காலம் கிடையாது

தொம்மலூரிலிருந்து அல்சூர் போகிற வழியில் விண்டர்பாட்டம் பட்டன் ஒர்க்ஸ் என்று ஒரு ஃபேக்டரி இருந்தது. பட்டாளத்துச் சட்டைகளுக்குப் பித்தளைப் பொத்தான் செய்கிற இடம். 1950 வரைக்கும் கிரீடம் போட்ட பொத்தான், அதற்கப்புறம் சிங்கம் போட்ட பொத்தான். அந்த ஃபேக்டரியின் கேட்டில் காக்கி உடுப்பும் சிவப்பு முண்டாசுமாக உட்கார்ந்திருந்தவர் முனிராஜ்.

முனிராஜின் அப்பா குதிரைப் பட்டாளத்துக்குப் புல் அறுத்துப் போட்டவர். முனிராஜ் இரண்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, யுத்தத்தின்போது இத்தாலிக்காரக் கைதிகளை அடைத்து வைத்திருந்த முகாமில் சமையல்கட்டு வேலைக்குப் போனார். இங்கிலீஷ் அங்கேதான் வந்தது. கம் ஹியர், கோ தேர், ஷட் அப், கெட் அவுட். இவ்வளவும் உத்தரவு. உத்தரவுக்குக் காலம் கிடையாது, சொன்ன உடனே நடக்க வேண்டியதுதான். அதனால் நாற்பத்திரண்டு வயது வரை இங்கிலீஷில் காலம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

தெரிய வைத்தது ஒரு மேஜர். 1952-ல் சரக்கைப் பார்வையிட வந்த அந்த மிலிட்டரி அதிகாரி, போன மாதம் லாரி எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று கேட்டார். முனிராஜ் கேட் ரிஜிஸ்டரை நீட்டினார். எல்லாம் தமிழில் இருந்தது. மேஜர் பஞ்சாபி. ரிஜிஸ்டரைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்துவிட்டு, அடுத்த தடவை வரும்போது இது இங்கிலீஷில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேனேஜர் ஹெர்பர்ட் ஆங்கிலோ இந்தியர். ரிச்சர்ட்ஸ் டவுனில் வீடு. கண்டோன்மென்ட் தமிழை நன்றாகப் பேசுவார்.

"இன்னா மேன் முனிராஜ், இங்கிலீஷ் எழுதுவியா?"

"ஏபிசிடி வரும் தொரை. அதுங்கள எப்படி கூட்டி வெக்கிறதுன்னுதான் தெரியாது."

கூட்டி வைக்கக் கற்றுக்கொடுக்கும் வேலை டைம் ஆபீஸ் குமாஸ்தா ஸ்ரீகண்டனுக்கு வந்தது. மல்லேஸ்வரத்துப் பையன், இருபத்துநாலு வயசு, மறுநாள் தன் கல்யாணத்துக்காக மைசூர் கிளம்புகிற அவசரத்தில் இருந்தான். மத்தியானச் சாப்பாட்டு வேளையில், பொத்தான் தைக்கிற அட்டை ஒன்றின் முதுகில் மூன்று கட்டம் போட்டான்.

"இதோ பாருப்பா. கேட்டுக்கு வேண்டியது ரெண்டே வார்த்தை. வர்றது, போறது. ஒண்ணொண்ணுக்கும் மூணு காலம். கேம்னா இறந்த காலம். கம்ஸ்னா நிகழ்காலம். வில் கம்னா எதிர்காலம். அதே மாதிரி வெண்ட், கோஸ், வில் கோ. புரிஞ்சுதா?"

"இந்த மொதல் கட்டம் இன்னா சாமி?"

"இறந்த காலம்."

"இறந்த?"

"ஆமாம், இறந்த."

முனிராஜ் வேறொன்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் சங்கு ஊதிவிட்டது. ஸ்ரீகண்டன் அட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டு ஓடினான். மறுநாள் மைசூர் ரயில் ஏறினான்.

அன்று சாயங்காலம் முனிராஜ் வீட்டில் அட்டையைத் தரையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மனைவி சரசு முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"சரசு, உசுரோட இருக்கறவங்கள இறந்த காலத்துல எழுதலாமா?"

"யாரு உசுரோட இருக்கறவங்க?"

"ஃபேக்டரில எல்லாரும்தான். தொரை, சின்னத்தாயி, நானு."

"உன்ன இறந்ததுல எழுதுவியா நீ? எழுதிப் பாரு. அடுப்புல தண்ணி ஊத்திட்டு எங்கண்ணன் வூட்டுக்குப் போயிருவேன்."

"தமிழ்ல வந்தாரு, போனாருன்னு சொல்றமே, அது மட்டும்?"

சரசு யோசித்தாள். "அது வாயால சொல்றது. காத்துல பூடும். இது மை. அப்படியே குந்திகினு இருக்கும்."

முனிராஜுக்கு இது சரியாகப் பட்டது. மறுநாள் காலையில் புது ரிஜிஸ்டரைத் திறந்தார். உயிருள்ளதெல்லாம் கம்ஸ், கோஸ். உயிரில்லாததெல்லாம் கேம், வெண்ட். ஹெர்பர்ட் சார் கம்ஸ் எட்டுப் பத்து. லாரி கேம் ஒன்பது. மாட்டு வண்டி வந்தபோது ஒரு நிமிஷம் தயங்கி, கார்ட் கேம், புல்லக் கம்ஸ் என்று இரண்டு வரியாக எழுதினார். கரி கேம். பூனை கம்ஸ். கேன்டீனுக்கு வருகிற முட்டைதான் அவரை மூன்று நாள் படுத்திவிட்டது. அதில் உயிர் இருக்கிறதா இல்லையா? கடைசியில் எக் வில் கம் என்று போட்டார். அதற்கு உயிர் இனிமேல்தானே வரப்போகிறது.

வேலைக்கு வராதவர்களுக்கு என்ன எழுதுவது என்று அட்டையில் இல்லை. அவர்களையும் வில் கம் என்றே எழுதினார். உலைக்கூடத்தில் கோவிந்தப்பா என்று ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாடகக் கம்பெனியோடு கோலார் பக்கம் போய்விட்டான். ஏழு மாதமும் தினந்தோறும், கோவிந்தப்பா வில் கம். ஹெர்பர்ட் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போடுவாரே தவிர படிப்பதில்லை. எப்போதாவது கண்ணில் பட்டாலும், வருவான் என்று கேட்டிலேயே எழுதியிருக்கிறதே, லீவு சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறான் போலிருக்கிறது என்று விட்டுவிடுவார். ஏழு மாதம் கழித்து மீசையை எடுத்துவிட்டு கோவிந்தப்பா வந்து நின்றபோது அவன் வேலை அப்படியே இருந்தது. அன்றைக்கு கம்ஸ் என்று எழுதிவிட்டு, முனிராஜ் அதற்குக் கீழே ஒரு கோடு இழுத்தார்.

இதற்கு நடுவில் உலைக்கூடத்து மேஸ்திரி கிருஷ்ணப்பா விஷக்காய்ச்சலில் செத்துப்போனார். முனிராஜுக்கு நல்ல சிநேகிதர். கல்பள்ளி மயானத்துக்குப் போய்விட்டு வந்த மறுநாள், முனிராஜ் ரிஜிஸ்டரை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். கிருஷ்ணப்பா கம்ஸ் என்று இருந்த இடமெல்லாம் சவர பிளேடால் மெள்ளச் சுரண்டி, கேம் என்று எழுதினார். கோஸ் எல்லாம் வெண்ட் ஆயிற்று. அறுபத்தொரு நாள், நூற்றிருபத்திரண்டு இடம். எழுத எழுதக் கண்ணில் தண்ணீர் வந்து, இரண்டு இடத்தில் மை கலைந்தது.

அந்தப் பக்கமாக வந்த ஹெர்பர்ட் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "கிருஷ்ணப்பா கேம். வெரி குட் மேன்! இப்பதான் கரெக்டு."

இவ்வளவு நல்ல மனுஷன் இப்படிப் பேசுகிறாரே என்று முனிராஜுக்கு மனசு விட்டுப்போயிற்று. இரண்டு நாள் அவருக்கு சல்யூட் அடித்தாரே ஒழிய முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச்சில் மேஜர் மறுபடி வரப்போவதாக அடுத்த பிப்ரவரியில் கடிதம் வந்தது. கல்யாணம் முடிந்து வந்ததும் மாடியில் டிஸ்பாட்ச் செக்‌ஷனுக்குப் போய்விட்டிருந்த ஸ்ரீகண்டனை ஹெர்பர்ட் கூப்பிட்டு, கேட் ரிஜிஸ்டரை ஒரு தரம் பார்த்து வைக்கச் சொன்னார். சனிக்கிழமை மத்தியானம். ஸ்ரீகண்டன் ரிஜிஸ்டரைத் திறந்தான். புல்லக் கம்ஸ், பூனை கம்ஸ், எக் வில் கம். தலை சுற்றியது. நல்லவேளை ரிஜிஸ்டர் இவ்வளவு நாள் யார் கண்ணிலும் படவில்லை என்று நினைத்துக்கொண்டு, சிவப்பு மையை எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வரைக்கும் உட்கார்ந்து, எட்டு மாதத்து ரிஜிஸ்டரையும் ஒரு ஆள் விடாமல் திருத்தினான். நூற்று நாற்பது பேரும் கேம். நூற்று நாற்பது பேரும் வெண்ட்.

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு அட்டையில் பொத்தான் தைக்கிற சின்னத்தாயி வந்தபோது, முனிராஜ் முண்டாசைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாண்ணே, ஒடம்பு சரியில்லயா?"

"எல்லாரும் பூட்டோம் தாயி."

"எங்க பூட்டோம்?"

"எல்லாரும். நீ, நானு, தொரை, பூனை. ஐயரு செவப்பு மையில எழுதி வெச்சிட்டாரு."

அவர் விளக்கிச் சொல்லச் சொல்ல சின்னத்தாயியின் முகம் மாறிற்று. அவள் குரல் பெரிய குரல். எட்டு மணிச் சங்கு ஊதுவதற்குள் ஃபேக்டரி முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. ஆனாலும் எல்லாரும் வேலைக்குப் போனார்கள். சில பேர் சிரித்தார்கள் கூட. அந்தச் சிரிப்பு பதினொரு மணி வரைக்கும்தான் தாங்கியது. பதினொரு மணிக்கு அச்சு மெஷினின் பெல்ட் அறுந்து, அப்போதுதான் அச்சாகியிருந்த பொத்தான் ஒன்று தெறித்துப் போய் கோவிந்தப்பாவின் நெற்றியில் அடித்தது. ரத்தம் வரவில்லை. வலிகூட அதிகம் இல்லை என்றான். ஆனால் நெற்றியின் நட்டநடுவில், குங்குமம் வைக்கிற இடத்தில், சிங்கம் பதிந்துவிட்டது.

சின்னத்தாயி ஊசியைக் கீழே வைத்தாள். "ஏழு மாசம் வில் கம்ல சௌக்கியமா இருந்தவன்யா இவன். கேம்ல போட்டு ஒரு நாள் ஆவுல, பாரு அவன் மூஞ்சிய!"

முனிராஜைத் தவிர எல்லாரும் வேலையை விட்டு வெளியே வந்தார்கள்.

ஸ்ட்ரைக் சமாசாரம் கேள்விப்பட்டு சிட்டியிலிருந்து ஒரு யூனியன்காரர் ஓடி வந்தார். கோரிக்கை என்ன என்று கேட்டார். சொன்னார்கள். அவர் பேனாவை மூடிக்கொண்டு, கூடவே கேன்டீனுக்கு ஒரு ஃபேன், வருஷத்துக்கு இரண்டு உடுப்பு என்று சேர்த்துக்கொள்ளலாமே, கௌரவமாக இருக்கும் என்றார். செத்தவனுக்கு எதுக்கு ஃபேன் என்று சின்னத்தாயி கேட்டாள். யூனியன்காரர் வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார். கேட்டுக்கு வெளியே கோஷம் நடந்தது. "கேம் ஒழிக! கம்ஸ் வாழ்க!" ரோட்டில் போன பட்டாளத்து லாரிக்காரர்கள் ஏதோ கட்சி என்று நினைத்துக் கையாட்டினார்கள்.

முனிராஜ் மட்டும் கோஷம் போடவில்லை. ஸ்ட்ரைக் அவரால் வந்தது, ஆனால் கேட் டியூட்டியும் அவருடையதுதான். உள்ளே உட்கார்ந்து, வெளியே இருக்கிற நூற்று முப்பத்தொன்பது பேருக்கும் வில் கம் எழுதிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் சர்க்கார் லேபர் ஆபீசர் வெங்கடசுப்ரமணியன் குடையும் கையுமாக வந்தார். ஹெர்பர்ட்டின் அறையில் பேச்சுவார்த்தை. ஒரு பக்கம் ஹெர்பர்ட்டும் ஸ்ரீகண்டனும். எதிர்ப்பக்கம் சின்னத்தாயி, நெற்றியில் சிங்கத்தோடு கோவிந்தப்பா. நடுவில் மேஜை மேல் ரிஜிஸ்டர். அதைத் தூக்கிக்கொண்டு வந்த முனிராஜ் கதவோரம் நின்றார்.

வெங்கடசுப்ரமணியனுக்குத் தமிழ் இலக்கணத்தில் ஈடுபாடு உண்டு. இவ்வளவு வருஷ சர்க்கார் உத்தியோகத்தில் அது உதவப்போகிற முதல் சந்தர்ப்பம் இது. நாற்காலியின் நுனிக்கு வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, நீங்கள் அர்த்தத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டுவிட்டீர்கள். இறத்தல் என்றால் பழைய தமிழில் சாவது அல்ல. கடந்து போவது. அவ்வளவுதான்."

"கடந்து போறதுன்னா?"

"இந்த இடத்தை விட்டு அப்பால் போவது."

"திரும்பி வருமா சார்?"

"காலம் எப்படியம்மா திரும்பி வரும்?"

"இந்த எடத்த வுட்டுப் போறது, திரும்பி வராது. அதத்தான் சார் நாங்களும் சொல்றோம்."

வெங்கடசுப்ரமணியன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "சரி, இறந்த என்பதை விட்டுவிடுவோம். வெறும் காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்."

"போன மாசம் எங்க பெரியப்பா காலமாயிட்டாரு சார்" என்றான் கோவிந்தப்பா.

ஹெர்பர்ட்டுக்குப் பொறுக்கவில்லை. மேஜையில் ஓங்கித் தட்டினார்.

"இன்னா பேஜார் மேன் இது! ஐ கேம்! எட்டுப் பத்துக்கு ஐ கேம்! பாரு, உசுரோடதானே குந்திகினு இருக்கேன்!"

"ஐயோ தொரை!" என்று முனிராஜ் கதவோரத்திலிருந்து பதறினார். "வாயால சொல்றது பரவால்ல. எழுதிடாதீங்க."

அப்போதுதான் ஹெர்பர்ட்டுக்கு யோசனை வந்தது. எழுந்து நின்று, கோர்ட்டில் சத்தியம் செய்கிறவர் மாதிரி கையைத் தூக்கிச் சொன்னார். "ஒரு வாரம். ஒரு வாரம் என்னை மட்டும் கேம் போடுங்க. நீங்க எல்லாம் கம்ஸ். வாரக் கடைசில நான் உசுரோட இருந்தா, எல்லாருக்கும் கேம். செத்தா, யாருக்கும் கேம் வேணாம். சரியா?"

லேபர் ஆபீசர் இதைச் சட்டப்படி குறித்துக்கொள்ளலாமா கூடாதா என்று யோசித்து, குறித்துக்கொண்டார். இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டது. சின்னத்தாயி கையெழுத்துப் போடும்போது, "தொரை, நீங்க நல்லவரு. கொஞ்சம் பார்த்து நடந்துக்கங்க" என்றாள்.

மறுநாள் காலை வேலை ஆரம்பித்தது. எட்டுப் பத்துக்கு ஹெர்பர்ட்டின் கார் வந்தது. முனிராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு, மனசுக்குள் முனீஸ்வரனைக் கும்பிட்டுக்கொண்டு, கேம் என்று எழுதினார். எழுதி முடித்ததும், ஹெர்பர்ட் காரிலிருந்து தானாக இறங்குகிறாரா என்று எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். அன்று முழுக்க ஹெர்பர்ட் போகிற இடமெல்லாம் ஆட்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். மாடிப்படி ஏறினால் இரண்டு பேர் பின்னால் ஏறினார்கள். அவர் இருமினால் மெஷின்கள் நின்றன. கேன்டீன்காரர் டீயை ஆற்றித் தானே ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். ஹெர்பர்ட் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் இரண்டாம் நாள் மத்தியானம் யாரும் பார்க்காதபோது தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்ததை ஸ்ரீகண்டன் பார்த்தான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வீட்டில் ஹெர்பர்ட் இதை வேடிக்கையாக மனைவி பவுலினிடம் சொன்னார். பவுலினுக்குத் தமிழ் இலக்கணம் தெரியாது. அவள் படித்த கான்வென்டில் கேம் என்கிற சொல்லால் யாரும் செத்ததில்லை. ஆனாலும் நூற்று நாற்பது பேர் ஒரே மாதிரி நினைத்தால் அதில் ஏதாவது இருக்கும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றினாள். அது போதாது என்று, நாலாம் நாள் காலையில் ஹெர்பர்ட் குளித்துக்கொண்டிருந்தபோது குளியலறையை வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். ஃபேக்டரிக்குப் போனால்தானே கேம் எழுதுவார்கள்.

எட்டுப் பத்து ஆயிற்று. கார் வரவில்லை. எட்டரை. ஒன்பது. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஆட்கள் கேட்டருகே வந்து கூட்டமாக நின்றார்கள். யாரோ ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். கோவிந்தப்பா நாடகக் கம்பெனியில் கற்ற ஒப்பாரியின் முதல் அடியை எடுத்தான். சின்னத்தாயி அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

முனிராஜ் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார். மூன்று நாளாகத் தன் கையால் எழுதியதுதான். நூற்று நாற்பது பேரில் யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மாடியிலிருந்து இறங்கி வந்த ஸ்ரீகண்டன் டைம் ஆபீஸ் டெலிபோனில் பேசிவிட்டு ஓடி வந்தான். "ஒண்ணுமில்லே! துரை ஆத்துலதான் இருக்கார்! குளிக்கற ரூம்ல மாட்டிண்டிருக்கார். நன்னா கத்தறார், போன்லயே கேக்கறது!"

கூட்டம் பெருமூச்சு விட்டது. முனிராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அப்ப இன்னிக்கு இன்னா எழுதறது சாமி? வில் கம்மா?"

"இன்னும் என்ன வில் கம். வரலைன்னு எழுது. டிட் நாட் கம்."

முனிராஜ் எழுத்துக்கூட்டி எழுதினார். பிறகு எழுதியதையே உற்றுப் பார்த்தார். "சாமி, கம்முனு சொல்றீங்க. கேம் இல்லயா?"

"இல்லே. டிட் வந்துட்டா அப்புறம் கேம் கிடையாது. கம்தான்."

"இது போன காலம்தான?"

"சந்தேகமில்லாம இறந்த காலம்."

"ஆனா கம் உசுரோட இருக்குது."

ஸ்ரீகண்டன் குனிந்து ரிஜிஸ்டரைப் பார்த்தான். முனிராஜ் மெள்ள மெள்ள, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரிக் கேட்டார். "இந்த டிட்டுன்றவன் முன்னால நின்னுகினு சாவ அவன் வாங்கிக்கிறான். பின்னால கம் சௌக்கியமா இருக்குது. அப்ப, வராத ஆளுக்குத்தான் இந்த டிட்டு வருமா? வந்த ஆளுக்கு வராதா?"

ஸ்ரீகண்டன் பி.ஏ. இங்கிலீஷில் இரண்டாம் வகுப்பில் தேறியவன். "வரும். டிட் கம்னும் சொல்லலாம். கொஞ்சம் அழுத்தமா இருக்கும். ஆனா தப்பில்லே."

"தப்பில்லயே?"

"தப்பே இல்லே."

முனிராஜ் முண்டாசை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார்.

பதினொன்றரைக்கு ஹெர்பர்ட் ஈரத்தலையோடு வந்து சேர்ந்தார். லேபர் ஆபீசருக்கு ஆள் போயிற்று. வெங்கடசுப்ரமணியன் தன் இலக்கணப் புத்தகம் இரண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். டிட் கம் இறந்த காலம்தானா என்று கம்பெனி தரப்பில் கேட்டார். ஆமாம் என்றார் ஹெர்பர்ட். கம் என்கிற சொல்லுக்கு ஏதாவது சேதம் இருக்கிறதா என்று தொழிலாளர் தரப்பில் கேட்டார். சின்னத்தாயி முனிராஜைப் பார்த்தாள். முனிராஜ் தலையசைத்தார். இல்லை என்றாள். ஒப்பந்தம் எழுதப்பட்டது. கேட் ரிஜிஸ்டரில் உயிரோடிருக்கும் எல்லாருக்கும் டிட் கம், டிட் கோ. கேம், வெண்ட் இரண்டும் சரக்குக்கும் காலஞ்சென்றவர்களுக்கும் மட்டும். சிவப்பு மையில் இருந்ததையெல்லாம் முனிராஜ் மெள்ளச் சுரண்டி மாற்றி எழுத வேண்டியது. ஹெர்பர்ட்டின் மூன்று நாள் கேம் மட்டும் அன்றைக்கே சுரண்டப்பட்டது. சுரண்டும்போது பவுலின் நேரில் வந்து நின்று பார்த்தாள்.

மார்ச் மாதம் மேஜர் வந்தார். ரிஜிஸ்டரைத் திறந்தார். ஹெர்பர்ட் டிட் கம். சின்னத்தாயி டிட் கம். பூனை டிட் கம். பக்கம் பக்கமாக இதே வேகம். யாரோ நம்ப மறுக்க, எல்லாரும் வந்தே வந்தார்கள் என்று இன்னொருவர் மேஜையைத் தட்டிச் சொல்லுகிற மாதிரி இருந்தது.

"இங்கே யாராவது வரவில்லை என்று சந்தேகம் கிளப்பினார்களா?" என்று மேஜர் கேட்டார்.

"இல்லை சார். எங்கள் கேட்மேன் கொஞ்சம் உறுதியான ஆள்" என்றார் ஹெர்பர்ட்.

இவ்வளவு உறுதியாக ஹாஜர் எழுதும் ஃபேக்டரியைத் தான் பார்த்ததில்லை என்று மேஜர் தன் அறிக்கையில் எழுதினார். ஆர்டர் புதுப்பிக்கப்பட்டது. முனிராஜுக்கு ஹெட் வாட்ச்மேன் பதவியும், தோளில் போட்டுக்கொள்ள ஒரு பித்தளை வில்லையும் கிடைத்தன. கம்பெனியை இங்கிலீஷிலேயே ஜெயித்த ஆள் என்று தொம்மலூரில் பேர் பரவியது. ரேஷன் ஆபீசிலிருந்து கடிதம் வந்தால் ஜனங்கள் அவரிடம் கொண்டுவந்து காட்டினார்கள். அவருக்கு அதில் பாதி புரியாது. ஆனால் வினைச்சொற்களை மட்டும் விரல் வைத்துத் தேடி, "பயமில்லே, இதுல யாரும் சாவல" என்பார். அதுவே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

1961-ல் ஹெர்பர்ட்டும் பவுலினும் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். புதிதாக வந்த மேனேஜர் கேட்டில் ஒரு மெஷினை மாட்டினார். ஆள் அட்டையை நுழைத்தால் டக்கென்று வந்த நேரத்தை அதில் அச்சடித்துத் தரும். முனிராஜ் முதல் அட்டையை எடுத்துப் பார்த்தார். ஏழு ஐம்பத்திரண்டு என்று மட்டும் இருந்தது. வந்தாரா, வருகிறாரா, வருவாரா ஒன்றும் இல்லை. இப்படி மொட்டையாக நிற்கிற இடத்தில் தனக்கு வேலையில்லை என்று அவருக்குத் தோன்றியது. இரண்டு வருஷம் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, வேலையை விட்டு நின்றார். சரசுவின் அண்ணன் வீடு ஆனேக்கல்லில் இருந்தது. அங்கே போய்க் குடியேறினார்கள்.

சும்மா உட்கார முடியவில்லை. தாலுகா கச்சேரிக்கு எதிரே புங்கமரத்தடியில் ஒரு சாய்வுப் பலகையைப் போட்டுக்கொண்டு, ஜனங்களுக்கு இங்கிலீஷில் மனு எழுதித்தர ஆரம்பித்தார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒரே அச்சுதான். மை வால் டிட் ஃபால். ஐ டிட் லூஸ் ரேஷன் கார்டு. நெய்பர் டிட் கட் ட்ரீ.

கச்சேரியில் முதல் மனுவைப் பிரித்த தலைமைக் குமாஸ்தா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். சுவர் விழுந்தே விழுந்தது என்கிறானே. அப்படியென்றால் விழவில்லை என்று நம் ஆபீசிலிருந்து யாரோ முன்பே பதில் எழுதியிருக்க வேண்டும். அந்தக் கடிதம் எங்கே? பீரோவெல்லாம் தேடினார்கள். கிடைக்கவில்லை. ஃபைல் தொலைந்துபோயிருக்கிறது, மேலிடத்துக்குத் தெரிந்தால் ஆபத்து என்று பயந்து, அன்றைக்கே ஆளை அனுப்பிச் சுவரைப் பார்த்து உத்தரவு போட்டுவிட்டார்கள். ஆனேக்கல் தாலுகாவில் மனு கொடுத்த அன்றே உத்தரவு வந்தது அதுதான் முதல் தடவை. அடுத்த வாரம் புங்கமரத்தடியில் பதினெட்டுப் பேர் நின்றார்கள். அதற்கடுத்த வாரம் ஓசூரிலிருந்தும் பஸ்ஸில் ஆட்கள் வந்தார்கள். அந்தத் தாலுகாவே வேறு, அந்த ராஜ்யமே வேறு என்று சொன்னாலும் அவர்கள் கேட்கவில்லை.

ஒரு நாள் தலைமைக் குமாஸ்தாவே கச்சேரியை விட்டு இறங்கி வந்தார். கன்னடக்காரர், ஆனால் தமிழ் நன்றாகப் பேசுவார்.

"ஏன்யா, எல்லா மனுவிலயும் டிட் டிட்டுன்னு அடிக்கிறயே. நீ கோர்ட்டுல வேலை பார்த்தவனா?"

"இல்ல சார். கேட்டுல."

"எந்த கேட்டு?"

"பட்டன் ஃபேக்டரி கேட்டு."

குமாஸ்தா நம்பவில்லை. ரகசியமாக விசாரிக்க வந்த சர்க்கார் ஆள் இப்படித்தான் பேசுவான் என்று முடிவு செய்து, முனிராஜுக்கு உட்கார ஒரு முக்காலியும், வெயில் படாமல் இருக்க ஒரு தட்டியும் கச்சேரிச் செலவில் போட்டுக்கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. தானும் அந்த நடையில் எழுத ஆரம்பித்தார். அந்த வருஷம் ஆனேக்கல் கச்சேரியிலிருந்து ஜில்லா ஆபீசுக்குப் போன கடிதமெல்லாம், யுவர் லெட்டர் டிட் ரீச் அஸ் என்று ஆரம்பித்தது. சேரவில்லை என்று யார் சொன்னது, விளக்கம் தேவை என்று ஜில்லா ஆபீசிலிருந்து பதில் வந்தது. அதற்கு விளக்கம் போயிற்று. அந்த விளக்கத்துக்கு விளக்கம் கேட்டு இன்னொன்று வந்தது.

முனிராஜுக்கு அதெல்லாம் தெரியாது. புது முக்காலி கொஞ்சம் ஆடியது. காலுக்கடியில் ஓட்டுச்சில்லு ஒன்றை முட்டுக்கொடுத்துவிட்டு, முன்னால் நின்ற அம்மாளிடம் கேட்டார்.

"சொல்லும்மா. எருமை உசுரோட இருக்குதா, இல்லயா? அத மொதல்ல சொல்லு."

"இருக்குதுங்க. ஆனா நேத்திலேர்ந்து தண்ணி குடிக்கல."

முனிராஜ் பேனாவை மையில் தோய்த்தார்.